கன்னியம்மாள் தறிக்குழியின் கூழ்ப்பூதம்

ஆரணியை ஒட்டிய சேவூரில், வேணுகோபால் வீட்டில், நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டை மிதிக்கும் தறிக்குழியில், போன ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்குக் கூழ்ப்பூதம் ஒன்று வந்து உட்கார்ந்தது. கண்ணாடிபோல் தெளிவு, குழிக்குத் தக்க சதுர வடிவு, புளித்த மாவு வாடை. உயிருள்ளதையும், பஞ்சு, மரம், பட்டு என்று உயிரிலிருந்து வந்ததையும் கரைத்துத் தின்னும். இரும்பு, வெள்ளி, எவர்சில்வர் எதையும் சீண்டாது. அது தொட்ட இடம் மரத்துப்போகுமே தவிர வலிக்காது.

வரவழைத்தவன் அந்த வீட்டுப் பிள்ளை கிரண். இருபத்தேழு வயது, சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரித் தோழர்கள் நாலு பேரோடு போனில் ஒரு விளையாட்டு விளையாடுவான். இவன் கதை சொல்ல, அவர்கள் வீரனாகவும் மந்திரக்காரியாகவும் மாறிப் பகடை உருட்டிக்கொண்டு பாதாளக் குகைக்குள் போக வேண்டும். குகைக்குப் புதிதாக வரைபடம் போட ஐயாவுக்குச் சோம்பல். தன் வீட்டையே அளந்து எழுதிக்கொண்டான். பூதம் இருக்கும் பள்ளத்துக்கு அம்மாவின் தறிக்குழி அளவு, ஒரு விரற்கடை பிசகவில்லை. அத்தனை துல்லியமாக இடம் சொல்லிக் கூப்பிட்டால் அது வராமல் என்ன செய்யும்?

அடித்துக் கொல்வதுதானே என்பீர்கள். கத்தி பட்டால் பூதம் இரண்டாகும் என்று முதல் நாளே எழுதிவைத்திருந்தான் அந்தப் புத்திசாலி. நாலு பேரும் ஒன்றுசேர்ந்து பகடை உருட்டி வென்றால்தான் சாகும் என்றும் எழுதியிருந்தான். அந்த நாலு பேரும் சேர்வதுதான் நடக்கவில்லை. பெங்களூர்க்காரனுக்கு வேலை முடியவில்லை. கலசப்பாக்கத்துக்காரனுக்கு அக்கா குழந்தையின் காதுகுத்து. ஓசூரில் இருக்கும் சூர்யகலாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. நாலாமவன் எல்லாத் தேதிக்கும் சரி என்பான், அந்த நேரத்துக்குத் தூங்கிப்போவான். இப்படியே ஆடி கழிந்தது. செத்துப்போச்சு என்று நீயே எழுதித் தொலையேன்டா என்று கன்னியம்மாள் மகனிடம் கேட்டாள். அது ஆட்டத்துக்கு நியாயமில்லை என்றான். பெற்ற தாயிடம் சொல்கிற பதிலா இது?

வேறு வீடாக இருந்தால் குழியைப் பலகை போட்டு மூடியிருப்பார்கள். கன்னியம்மாளின் தறியில் மகள் லாவண்யாவின் முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. ஊரார் பெண்களுக்கு இருபத்தாறு வருஷமாக முகூர்த்தச் சேலை நெய்கிறவள் அவள். தன் கல்யாணத்துக்கு மட்டும் நாத்தனாரிடம் இரவல் வாங்கிக் கட்டி, மறுநாள் காலை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை. பெண் தன் கையால் நெய்ததைக் கட்டித்தான் மணையில் உட்கார வேண்டும் என்பதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கல்யாணம் ஆவணி வளர்பிறையில். தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூலைக் கழற்றி வேறு தறியில் ஏற்றினால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதற்கு நாள் கிடையாது.

பட்டறைக்கார ராமதாஸ் மரமிதிகட்டைக்குப் பதிலாக இரும்பில் மிதிகட்டை செய்து, கயிற்றுக்குப் பதில் சங்கிலி கோத்துக் கொடுத்தார். காலுக்கு என்ன செய்வது என்று ஆண்கள் கூடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கன்னியம்மாள் சீர்வரிசைக்கு வாங்கி லாவண்யா என்று பெயர் வெட்டி வைத்திருந்த இரண்டு எவர்சில்வர் தூக்குகளை எடுத்து, காலுக்கொன்றாய் மாட்டிக்கொண்டு தறியில் இறங்கிவிட்டாள். தூக்கின் விளிம்புக்கு ஒரு சாண் கீழேதான் பூதம் நின்றது. நாளுக்கு ஒரு முழம் என்று சேலை வளர்ந்தது. மிதிக்கும்போதெல்லாம் டங் டங் என்று கோயில் மணிபோல் கேட்கும்.

அதோடு விட்டிருக்கலாம். வேணுகோபாலும் தெருக்காரர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள் பாருங்கள், நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பட்டு நூலின் பசையை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துத்தான் எடுக்கிறோம், இதுவும் கொழகொழ பசைதானே, கரைந்துவிடும் என்றார்கள். புது சோடா கரைத்திருந்தாலாவது ஒரு அர்த்தம் உண்டு. வீணாக்குவானேன் என்று, அன்று நூல் வேகவைத்து மிஞ்சிய தண்ணீரையே வீட்டுக்கு வீடு வாங்கி ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் முழுக்கப் பட்டுப்பசை. பூதம் விருந்து சாப்பிட்ட மாதிரி குடித்துவிட்டு நாலு விரற்கடை உயர்ந்தது. அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது.

அமாவாசை அன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. சேலையில் முந்தி பாக்கி, கல்யாணத்துக்கு எட்டு நாள். அந்த ஆவணி அமாவாசை அன்று தெருவில் ஒரே ஒரு தறி ஓடியது. மத்தியானம் வலது தூக்கின் விளிம்பைத் தாண்டிப் பூதம் உள்ளே வழிந்தது. கன்னியம்மாளுக்கு வலி தெரியவில்லை, கால் மரத்திருக்கிறது என்று நினைத்தாள். காலை வெளியே எடுத்துப் பார்த்தபோது கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் இல்லை. ரத்தமும் இல்லை. அதில் போட்டிருந்த வெள்ளி மெட்டி தூக்கின் அடியில் கிடந்தது. அவள் தூக்கைக் குழியில் கவிழ்த்தபோது மெட்டி பூதத்துக்குள் மெதுவாக இறங்கிக் குழியின் அடியில் போய்த் தங்கியது. தூக்கைத் தேய்த்துக் கழுவி, மேல்விளிம்பில் தகரம் சுற்றி உயர்த்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். துணி சுற்றிய காலைப் பார்த்துக் கேட்ட புருஷன் வேணுகோபாலிடம் இடித்துக்கொண்டேன் என்றாள். அமாவாசையில் தறி ஓட்டியதால்தான் அப்படி ஆயிற்று என்று இன்றைக்கும் தெருவில் சொல்லிக்கொள்கிறார்கள். இவர்கள் ஊற்றிய தண்ணீரைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை.

சேலை கல்யாணத்துக்கு முந்தின நாள் தறியிலிருந்து இறங்கியது. அரக்கு நிறம், மாம்பழக் கலர் முந்தி. லாவண்யா அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது கன்னியம்மாள் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, கரையைத்தான் பார்த்தாள். எங்கும் ஒரு இழை தவறவில்லை என்று தெரிந்த பிறகே அழுதாள். தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதத்துக்குக் காலில் விழுந்தபோதுதான் லாவண்யா அந்தக் காலைக் கண்டாள். நாலு விரல். பக்கத்தில் அட்சதைத் தட்டோடு நின்ற கிரணும் கண்டான். பெண் எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள்.

"ஏந்திரிம்மா, பொடவ கசங்குது" என்றாள் கன்னியம்மாள்.

கல்யாணத்துக்கு அந்த நாலு பேரும் வந்திருந்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே ஊரில். கிரண் அவர்களை மண்டபத்திலிருந்து நேரே வீட்டுக்கு இழுத்துப்போனான். ஐந்து பேரும் குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தெளிந்த பூதத்தின் அடியில் மெட்டி மினுங்கியது. சூர்யகலா பகடையைக் கையில் எடுத்தபோது கன்னியம்மாள் பட்டுச்சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கிதான் ஒங்க அஞ்சு பேருக்கும் லீவு கெடச்சிதா?"

சூர்யகலா பகடையைக் கீழே வைத்தாள்.

"இது செத்தா வெரலு திரும்பி வருமாடா?"

கிரண் தன் நோட்டைப் புரட்டினான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினான். அப்படி ஒரு விதியை அவன் எழுதியிருக்கவில்லை. இல்லம்மா என்றான்.

"அப்ப வுடு. ஒரு வெரலு குடுத்து இதுகூட பழகிகினேன். போயி சாப்புடுங்க, பந்தி முடிஞ்சிகினு இருக்குது."

பூதம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. தூக்குகளை லாவண்யா சீரோடு கொண்டுபோய்விட்டதால் ராமதாஸ் முழங்கால் உயரத்துக்கு இரண்டு டிரம் அடித்துக் கொடுத்திருக்கிறார். அமாவாசை அன்று தறிக்கு ஓய்வு, பூதத்துக்கு ஒரு செம்பு கஞ்சி. நாலு பேரும் அடுத்து எந்த ஞாயிறு சேர்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தை முகூர்த்தத்துக்கு மூன்று சேலை ஒப்புக்கொண்டிருக்கும் கன்னியம்மாள், புதிதாக வாங்கிய மெட்டியை அடுத்த விரலில் போட்டுக்கொண்டாள்.