மலையில் நின்ற படகு

நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் எனக்குப் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டென்றால் அது சிரிப்புச் சத்தம்தான். அன்று மூன்றாவது முறையாக வசித்தியின் படகுக் கேள்வி அந்தச் சிரிப்பில் மூழ்கிச் செத்தது.

வசித்தி நுக்குவாரா தீவின் உறுப்பினர். எதிர்க்கட்சி வரிசையில் என் பக்கத்து நாற்காலி. அவள் கேட்டது சின்னக் கேள்வி. தீவுச் சுகாதார நிலையத்துக்குப் படகு வாங்க இரண்டு வருடத்துக்கு முன்பே பணம் ஒதுக்கினீர்களே, படகு எங்கே?

சுகாதார அமைச்சர் ஜோலாமே எழுந்தார். மலைநாட்டுக்காரர், பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல்.

"சபாநாயகர் அவர்களே, நண்டு தின்னுறவங்களுக்குப் படகு எதுக்கு? நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்தே கரைக்கு வந்துடுவாங்களே."

சபை குலுங்கியது. வசித்தியும் சும்மா இருக்கவில்லை. "மலைக்காரருக்கு நண்டைப் பத்தி என்ன தெரியும்? போன தடவை எங்க ஊருக்கு வந்தப்ப ஓட்டோட சேத்துக் கடிச்சுப் பல்லை உடைச்சுக்கிட்டவர்தானே" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. சபாநாயகரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் நேரம் முடிந்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இந்தத் தீவு நாட்டுப் பூர்வகுடி வழக்கப்படி இரண்டு பேரும் தௌவு முறை. ஒரே குலதெய்வத்தின் வழி வந்தவர்கள் என்று ஐதீகம். தௌவுகள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழைந்து கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போகலாம். கொடுக்கமாட்டேன் என்று சொல்லக்கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. எங்கள் தமிழ்க் குடும்பங்களின் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் கால்தூசு பெறாது.

தேநீர் அறையில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் வசித்தி, ஒரு தடவையாவது சிரிக்காம கேக்கக் கூடாதா? அந்த ஆள் கழுவுற மீன்ல நழுவுற மீன். நீ பதிலுக்குப் பதில் பேசப் பேச அவனுக்குத்தான் கொண்டாட்டம்."

"தௌவு கேலி பண்ணி நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, எங்க ஊர்ல என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க சதா. உனக்குப் புரியாது."

"கேலியில நீதான் ஜெயிக்கிற. ஆனா படகு வரலியே."

அவள் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்குத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கேலேராவுக்கு இது ஏழாம் மாசம்."

கேலேரா அவள் அண்ணன் மகள். தலைப்பிரசவம். முந்தைய வருடம் அதே தீவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டபோது, அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நர்ஸ் அவளை மீன்பிடி ஓடத்தில் ஏற்றினாள். கூரை இல்லை, இயந்திரம் பாதிக் கடலில் நின்றுவிட்டது. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. வசித்தி அந்தச் சவக்குழிக்கு மண் போட்டுவிட்டு நேரே சபைக்கு வந்தவள். அது தெரிந்தும் நான் அவளைக் கடிந்துகொண்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அமைச்சரின் தங்கை மகனுக்கு அவருடைய மலையூர் வீட்டிலேயே கல்யாணம். தௌவு போகாமல் இருக்க முடியாது. என் வண்டியில்தான் போனோம். மலைப்பாதையில் முன்பு நான் கரும்பு லாரி ஓட்டிய பழக்கம் கைகொடுத்தது. ஊருக்குள் நுழைந்ததுமே வசித்தி ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளையின் தொப்பியைப் பிடுங்கித் தான் வைத்துக்கொண்டாள். சமையற்கட்டில் புகுந்து வெந்துகொண்டிருந்த கோழியைத் தூக்கினாள். அமைச்சரின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் பன்றிப்பட்டி. அதைத் தாண்டி ஆறு. முழங்கால் ஆழம்கூட இல்லாத ஆறு. அதன் கரையில், தார்ப்பாய் போர்த்தி, கட்டைகளின் மேல் ஏற்றி வைத்த வெள்ளைப் படகு நின்றது. பக்கவாட்டில் சிவப்புச் சிலுவைக் குறி. பின்னால் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இயந்திரம். தார்ப்பாயின்மேல் யாரோ சேப்பங்கிழங்குத் தண்டு காயப்போட்டிருந்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "இப்பவே போய்க் கேக்குறேன்" என்று கிளம்பினேன். வசித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கல்யாண வீட்டுல கேட்டா அது சண்டை. வா, பன்னி பிடிக்கலாம்."

உண்மையாகவே பிடித்தாள். கொழுத்த பன்றி ஒன்றின் காலில் கயிற்றைக் கட்டி, விருந்தாளிகள் நடுவே, யங்கோனா வேர்ப்பானம் குடித்துக்கொண்டிருந்த அமைச்சரின் முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கிண்ணத்தை உயர்த்தி, "எடுத்துட்டுப் போ தௌவு, உன்னைவிட அது அழகு" என்றார். ஊரே கைதட்டியது. அந்தப் பன்றி என் வண்டியின் பின்னால் தலைநகரம் வரை கத்திக்கொண்டே வந்தது.

அடுத்த கேள்வி நேரம் வந்தது. வசித்தி எழுந்தாள்.

"நுக்குவாரா படகுக்கு ஒதுக்கின பணம் செலவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. படகு வாங்கியாச்சு" என்றார் அமைச்சர். இந்தத் தடவை பதில் வந்ததே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"துணைக்கேள்வி. அது இப்ப எங்க இருக்கு?"

அமைச்சர் ஒரு விநாடி தயங்கினார். பிறகு வழக்கமான குறும்பு முகத்தில் ஏறியது. "நண்டுங்க கையில குடுத்தா உப்பு அரிச்சுடும் சபாநாயகர் அவர்களே. அதனால மலைக்காரன் வீட்டுல பத்திரமா வெச்சிருக்கேன்."

சபை சிரித்தது. வசித்தியும் சிரித்தாள். சிரித்து முடிக்கும் வரை நின்றாள்.

"மகிழ்ச்சி. அப்ப அமைச்சர் ரெண்டுல ஒண்ணு சொல்லட்டும். அது அரசாங்கப் படகா? அப்படின்னா நர்ஸ் இருக்கிற இடத்துக்கு எந்தத் தேதியில வரும்னு இங்கேயே சொல்லணும். இல்ல, அது அவர் வீட்டுப் பொருளா? அப்படின்னா சபைக்கு வேலையே இல்ல. நான் அவரோட தௌவு. போன வாரம் பன்னி. இன்னைக்குச் சாயந்திரம் படகு. கயிறு கொண்டு வந்திருக்கேன்."

கைப்பையிலிருந்து அதே கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஆளுங்கட்சி வரிசையே மேசையைத் தட்டிச் சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு. இத்தனை நாள் கேள்வியை அமுக்கிய சிரிப்பு, இன்று கேள்விக்குக் காவல் நின்றது. ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்பார்கள். அவளுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

அமைச்சர் கயிற்றைப் பார்த்தார். தன் வீட்டுப் பொருள் என்றால் பதவி போகும். அரசாங்கத்துடையது என்றால் படகு போகும். தௌவுவிடம் கோபப்படவும் வழியில்லை. கடைசியில் அவர் தொந்தியும் குலுங்க ஆரம்பித்தது.

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழமை?"

"வர்ற சனிக்கிழமை தௌவு. எழுதிக்கச் சொல்லு."

சபைக் குறிப்பில் எழுதினார்கள். சனிக்கிழமை அவரே படகில் ஏறி நுக்குவாராவுக்குப் போனார். வழியெல்லாம் வாந்தி எடுத்தார் என்று கேள்வி. ஊரார் அவரைக் கேலி செய்தே மூன்று நாள் நிறுத்தி வைத்தார்கள்.

ஆனால் படகு மட்டும் போதுமா? இரண்டு மாதம் கழித்து எரிபொருள் ஒதுக்கீடு பற்றி வசித்தி கேள்வி போட்டிருந்தாள். அவள் எழுவதற்கு முன்பே அமைச்சர் எழுந்துவிட்டார்.

"எரிபொருளுக்கு இன்னைக்குக் காலையில கையெழுத்துப் போட்டாச்சு. வருஷம் முழுக்க" என்றார். கேலி எதுவும் இல்லை. உட்காரப் போனவர் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்: "உன் அண்ணன் பொண்ணு எப்படி இருக்கா?"

"போன புதன்கிழமை வலி எடுத்துச்சு. நல்ல மழை. படகு நிக்காம ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துச்சு. பையன். ரெண்டு பேரும் சுகம்."

"பேர் வெச்சாச்சா?"

"மலைக்காரன் பேர் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன் தௌவு. கேலேரா கேக்கல. ஜோலாமேன்னு வெச்சுட்டா."

சபை அவருடைய கேலிக்காகக் காத்திருந்தது. அமைச்சர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.  நானும் என் கைக்குட்டையைத் தேடினேன். வசித்தி மேசைக்கடியில் என் காலை மிதித்து, "சிரிடா சதா" என்றாள்.