நான்கு பேட்டரிகளை எங்கே சார்ஜ் போட்டோம்

1

இந்தக் கதை மன்னார்குடியில் கருவிகள் விற்கும் ஒரு கடையில் பிறந்தது. வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் கருவிகள் வாங்க, மெக்கானிக் முருகையனை நான்தான் அங்கே அழைத்துப் போனேன். மூன்று மாதம் கழித்து அதைக் கதையாக எழுதினேன். இப்போது நீங்கள் படிப்பது இரண்டாம் முறை எழுதுவது. முதல் முறை எழுதியதால் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) "வானம் பார்த்துக் கிடந்த வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை..." வேண்டாம். எங்கள் பக்கத்து வயல் வானத்தைப் பார்ப்பதில்லை, மேட்டூர் அணையைப் பார்க்கும்.

(ஆ) "முருகையன் எதற்கும் அஞ்சாதவர்." பொய். அவருக்கு என்னைவிடக் கொஞ்சம் பயம் குறைவு, அவ்வளவுதான்.

(இ) "நான் மின்வாரிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறவன்." இது உண்மை. மூன்றில் இதை எழுதத்தான் அதிகம் பயந்தேன். அதனால் இதுவே இருக்கட்டும்.

2

முருகையனின் இடம் மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது. பதினோரு சென்ட். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை இயந்திரம் என்று சுற்றுவட்டாரத்தில் எது நின்றாலும் அங்கேதான் வரும்.

அவர் அப்பா ரெத்தினம் பண்ணையாள். எழுபதுகளில், கழக ஆட்சியில் வந்த சட்டத்தின்படி, குடியிருந்த மனை அவருக்கே என்று ஆயிற்று. பட்டா கொடுத்தார்கள் என்று முருகையன் சொல்கிறார். அந்தக் காகிதம் இருந்த தகரப் பெட்டி கஜா புயலில் கூரையோடு போய்விட்டது. தாலுகா அலுவலகப் பதிவேட்டிலோ இன்னும் பழைய பண்ணையின் பெயர்தான் இருக்கிறது.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், நிலத்துக்கு இழப்பீடு வரும் என்றதும் பண்ணையின் பேரன் குஞ்சிதபாதம் திருச்சியிலிருந்து வந்து வழக்குப் போட்டார். கூடவே ஒரு கடிதமும் எங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்தார். அந்த இடத்தின் மின் இணைப்பு ஆதியிலிருந்தே பண்ணையின் பெயரில் இருந்தது. அதைத் துண்டிக்கச் சொல்லித்தான் அந்தக் கடிதம். பெயருக்குரியவர் கேட்டால் துண்டித்துத்தான் ஆகவேண்டும். கடைசி மீட்டர் கணக்கை எழுதியவன் நான். முருகையன் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவருடைய வக்கீல் நூர்ஜஹான் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். "காகிதம் இல்ல. இடம் உங்க அனுபவத்துல இருக்குங்கறது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. பட்டறை ஒரு நாள்கூட மூடக் கூடாது. நாலு நாள் பூட்டிக் கிடந்தா காலி பண்ணிட்டாங்கன்னு போட்டோ எடுத்துக் கோர்ட்டுல போட்டுருவாங்க."

மின்சாரம் இல்லாத பட்டறையை எப்படித் திறந்து வைப்பது? பேட்டரி கருவி வாங்கலாம் என்ற யோசனையை நான் சொன்னேன். குற்ற உணர்ச்சியில் பிறந்த யோசனை. (முதல் பிரதியில் இதை "நட்பில் பிறந்த யோசனை" என்று எழுதியிருந்தேன்.)

3

கடைக்காரர் அப்துல் வஹாப், பதினாறு வருடம் சவூதியில் ஒரு கேரேஜில் இருந்தவர்.

"என்ன வேலைக்குண்ணே?" என்று கேட்டார்.

"கேஜ் வீல் மாட்டணும்," என்றார் முருகையன்.

* வெளியூர் வாசகருக்கு: நடவுக்கு முன் சேற்றை உழ, டிராக்டருக்கு ரப்பர் சக்கரத்தோடு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவார்கள். அதுதான் கேஜ் வீல். ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்தில் நாற்பது டிராக்டர் வரிசையில் நிற்கும். சேறு காய்ந்து இறுகிய நட்டைக் கையால் கழற்றினால் ஒரு சக்கரத்துக்கே அரை மணி நேரம் ஆகும்.

வஹாப் நட்டு கழற்றும் சிறிய இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்றை ஒதுக்கி வைத்தார். "இது காருக்குச் சரி. டிராக்டர் பின் வீலு நட்டை இது அசைக்கக்கூடச் செய்யாது. அரை இஞ்சுல பெரிசு எடுங்க. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், சூடாவாது. கிரைண்டரு, டிரில்லு, ரெஞ்சு மூணுக்கும் ஒரே பேட்டரி பொருந்துற கம்பெனியா பாத்துக்குங்க. ஆளுக்கொரு பேட்டரி, ஆளுக்கொரு சார்ஜர்னு ஆயிட்டா பைத்தியம் புடிச்சிரும்."

முருகையன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தார். விசையைப் பற்றியோ பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"இதையெல்லாம் ஒரே சாக்குல கட்டித் தூக்கிட முடியுமாங்க?"

வஹாப் சிரிக்கப் போனவர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பக்கத்து ஊரில் போன மாதம் ஜேசிபி வைத்து ஒரு டீக்கடையை இடித்தது அவருக்கும் தெரியும். பெரிய கிரைண்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சிறியதைக் கொடுத்தார். "முடியும்ண்ணே. ஒரு சாக்கு போதும்."

ஒரு மெக்கானிக் தன் கருவிகளை, ஓடும்போது தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்ததை அன்றுதான் கண்டேன். அப்போதும் ஒரு புத்தி, இது நல்ல காட்சி, எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டது. அந்தப் புத்தியை

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் என்னை நானே மன்னித்துக்கொள்வது போல வருகிறது.]

4

நாங்கள் செய்த தவற்றை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். கருவி மூன்று, பேட்டரி நான்கு, சார்ஜர் இரண்டு. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, சார்ஜரின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு முருகையன் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தச் சுவரில் எதுவும் வராது என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். மின்வாரியத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை.

ஒரு வாரம் என் வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் நான்கும் தீர்ந்துவிடும். பிறகு ஒரு நாள் போனபோது பேட்டரியெல்லாம் நிறைந்திருந்தது. நான் எங்கே என்று கேட்கவில்லை. அவரே கையைக் காட்டினார்.

பட்டறைக்குப் பின்னால் இரண்டு வயல் தள்ளி வேம்பு அக்காவின் மோட்டார் கொட்டகை. இலவச விவசாய மின்சாரம். பதினேழு வருடம் காத்திருந்து வாங்கிய இணைப்பு. அதில் தண்ணீர் இறைக்கலாம். வேறு தொழிலுக்கு எடுத்தால் மின் திருட்டு. அபராதம் உண்டு, இணைப்பும் போகும். இது வேம்பு அக்காவுக்குத் தெரியும், முருகையனுக்குத் தெரியும். எல்லாரையும்விட எனக்குத் தெரியும்.

"பச்சப்புள்ளைக்குப் பால் ஊத்துற மாதிரி ரெண்டு பேட்டரி. இதுல என்ன கொறஞ்சிரப் போவுது தம்பி," என்றார் அக்கா.

நான் தலையை ஆட்டினேன். அப்படியே மூன்று மாதம் போன பிறகு கதை எழுதினேன். பெயர்களை மாற்றவில்லை. மாற்றினால் கதையில் உயிர் இருக்காது என்று பெரிய ஆள் மாதிரி நினைத்தேன். எழுத்தாள நண்பர்கள் நாற்பது பேர் உள்ள வாட்ஸாப் குழுவில் போட்டேன். அதில் ஒரு வரியை எல்லாரும் பாராட்டினார்கள்:

"வேம்பு அக்காவின் மோட்டார் கொட்டகையில் நான்கு பேட்டரிகள், பச்சை விளக்கு எரிய, அடைகாக்கும் கோழிகள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன."

(உவமையும் தப்பு. சார்ஜர் இரண்டுதான். ஒரே நேரத்தில் நான்கில் விளக்கு எரியாது. அழகுக்காக எழுதினேன்.)

5

பன்னிரண்டு நாள் கழித்து உதவிப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு புகார் மனு. குஞ்சிதபாதம் கொடுத்தது. அதோடு என் கதையின் அச்சுப் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. மேலே சொன்ன வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு. நாற்பது பேரில் யார் அனுப்பினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று தோன்றுகிறது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார் அவர். "இப்ப ஒண்ணு எழுதிக் குடுங்க. இதுல இருக்கறது நீங்க நேர்ல பாத்ததா, கற்பனையா? திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள வேணும். அத வெச்சுத்தான் மேல நடவடிக்கை."

"சார், கொஞ்சம் உண்மை, கொஞ்சம்..."

"ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. பாதி பொய்னு நீங்களே எழுதிட்டா மீதிய எவன் நம்புவான்?"

கற்பனை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது என்று வெளியே வந்தேன். முருகையனிடம் போனில் சொன்னேன். அன்று மதியம் நூர்ஜஹான் கூப்பிட்டார்.

"அந்தக் கதையை நானும் படிச்சேன் சார். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ மீட்டர் பாக்கப் போனப்பல்லாம் பட்டறை நடந்துச்சு, ஒரு நாளும் பூட்டிப் பாத்ததில்லைன்னு எழுதியிருக்கீங்க. பத்தொம்போது வருஷம். காகிதம் இல்லாத கேஸுக்கு உங்களவிடப் பெரிய சாட்சி கெடைக்காது. உங்களைக் கூண்டுல ஏத்தப் போறேன். அதெல்லாம் கற்பனைன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்தீங்கன்னா, அந்தக் காகிதத்தத்தான் எதிர்த் தரப்பு மொதல்ல நீட்டும்."

6

முடிவுகள்.

முதல் முடிவு: உண்மை என்று எழுதுகிறேன். முருகையனின் பதினோரு சென்ட் நிற்கிறது. வேம்பு அக்காவின் இணைப்பு போகிறது. குறுவை நெல் இப்போதுதான் பால் பிடிக்கிறது. எல்லாம் தெரிந்து மூடி மறைத்ததற்கு என் வேலையும்

இரண்டாம் முடிவு: கற்பனை என்று எழுதுகிறேன். அக்காவின் மோட்டார் ஓடுகிறது. எதிர்த் தரப்பு வக்கீல் காகிதத்தை நீட்டுகிறார். ஒரு நாள் காலை முருகையன் சாக்கைத் தூக்கிக்கொண்டு

மூன்றாவது முடிவு ஒன்று வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். குஞ்சிதபாதம் மனம் மாறுகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பட்டறைக்குப் போனேன். வேம்பு அக்கா அங்கே இருந்தார். நான்கு பேட்டரியையும் சார்ஜ் ஏற்றாமலே ஒரு வாளியில் போட்டு, மேலே துண்டை மூடிக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதில் ஒன்றைப் போட்டு முருகையன் ஒரு டிராக்டரின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐந்தாவது நட்டில் ரெஞ்ச் முனகி நின்றுவிட்டது. வேறு பேட்டரி போட்டார். அதுவும் சுற்றவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன் மேல் ஏறி நின்று மிதித்தார்.

"கதைன்னு எழுதிக் குடுத்துடு தம்பி," என்றார் அக்கா. "பயிரு நிக்கிது. இந்த நேரத்துல தண்ணி நின்னா பதராப் போயிரும்."

முருகையன் குழாயிலிருந்து இறங்கினார். அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"நடந்தத எழுதுங்க சார். நான் இங்க இருந்தேன்னு சொல்ல உங்களவிட்டா எனக்கு ஆள் இல்ல."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

பெயர்களை இந்த முறை மாற்றியிருக்கிறேனா என்று கேட்காதீர்கள். பதில் சொன்னால் அதுவும் ஒரு வாக்குமூலம் ஆகிவிடும்.

இதைப் படித்ததால் உங்களுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தால் இங்கேயே மூடிவிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூடியிருப்பேன். மூடாதவர்களுக்கு, அலுவலகம் கேட்ட விளக்கத்தை அப்படியே கீழே எழுதிவிட்டேன். ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

"ஐயா, மேற்படி எழுத்தில் காணப்படும் செய்திகள் யாவும் ______________ என இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்."

நாளை காலை பத்து மணிக்குள் நீங்கள் நிரப்பிக் கொடுத்தால் கையெழுத்து நான் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. அங்கே என்ன எழுதுகிறீர்களோ, அது யாரைக் கைவிடுகிறதோ அவர் வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.