காற்றுக்கு ஒரு ஓட்டை

பிப்ரவரி வந்துவிட்டால் அம்மாவின் பேனர் கடையில் ஊரார் பிள்ளைகளின் வெற்றிதான் வேலை. யாருக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று புபியோங் தெருக்களில் தொங்கும் துணிகளில் பாதி இங்கே அச்சானவை. மகள் இசோல் அவற்றுக்கு ஓரம் மடித்து, கயிறு கோக்க மூலைகளில் உலோக வளையம் அடிப்பாள். மூன்று வருடங்களாக அடிக்கிறாள்.

அதே மூன்று வருடங்களாக அவளும் இசை நாடகத் துறைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். முதல் வருடம் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடம் தலைநகர் சியோலில் உள்ள செயோன் பல்கலைக்கழகத்தில் காத்திருப்புப் பட்டியலில் நான்காவது எண். கடைசி நாள் மாலை ஆறு மணி வரை கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. அழைப்பு மூன்றாம் எண்ணோடு நின்றுபோனது.

இந்த வருடம் அதே செயோனில் இரண்டாவது எண். இன்றுதான் கடைசி நாள். மணி பதினொன்று.

இயந்திரத்திலிருந்து மேங் சாரின் அகாடமி பேனர் இறங்கிக்கொண்டிருந்தது. இசோல் பாட்டும் நடிப்பும் படித்தது அங்கேதான். ஆறு மீட்டர் துணி. 'தேர்ச்சி' என்று சிவப்பில் பெரிய எழுத்து. கீழே பல்கலைக்கழகங்களின் பெயர்கள், பக்கத்தில் மாணவர்களின் பெயர்கள். ஆள் யாரென்று தெரியாமலிருக்க, வழக்கம்போல் ஒவ்வொரு பெயரிலும் நடு எழுத்துக்குப் பதில் ஒரு வட்டம்.

முதல் வரி முழுசாக வெளியே வந்தது. செயோன் பல்கலைக்கழகம், பியோ ○சோல்.

"அம்மா, இது என்னது?"

அம்மா கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "உன் பேரு."

"எனக்கு இன்னும் கிடைக்கவே இல்லையே."

"சாயங்காலத்துக்குள்ள கிடைச்சிரும்னு மேங் சார் சொல்றாரு. போன வருஷம் மூணு பேர் வரைக்கும் கூப்பிட்டாங்க. நீ ரெண்டு. நாளைக்குக் காலைல பேனர் ரோட்டுல தொங்கணுமாம். எதிர்ல புதுசா ஒரு அகாடமி வந்திருக்குல்ல, அவனுக்கு முன்னாடி."

"கிடைக்கலைன்னா?"

"வாயைக் கழுவுடி."

"நான்தான் நம்காங்ல சேர்ந்துட்டேனே."

"அது சும்மா ஒரு கைக்காவலுக்கு."

நம்காங் கலைக் கல்லூரி ஜின்ஜுவில் இருந்தது. பஸ்ஸில் நாலு மணி நேரம். இரண்டு வருடப் படிப்பு. போன வாரம் இடம் வந்தது, அன்றே இசோல் பதிவு செய்துவிட்டாள். அம்மா அதை அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. செயோனில் இரண்டாவது எண் என்பதை மட்டும் மருந்துக்கடைக்காரி வரைக்கும் சொல்லியிருந்தாள்.

மதியம் கறுப்பு நூடுல்ஸ் வரவழைத்தார்கள். வெட்டும் மேசையிலேயே செய்தித்தாளை விரித்துச் சாப்பிட்டார்கள். இசோல் இரண்டாவது வாய் எடுத்தபோது கைப்பேசி அடித்தது. சியோல் எண்.

அம்மா குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"பியோ இசோல்தானே பேசறது?" இளைஞன் குரல். வேகமாகவும் மரியாதையாகவும் இருந்தது. "செயோன் பல்கலைக்கழகச் சேர்க்கை ஆபீஸ்லருந்து கூப்பிடறோம். இந்த அழைப்பு பதிவாகுது. இசை நாடகத் துறையில உங்களுக்கு இடம் வந்திருக்கு. சேர்றீங்களா, இல்லையா? இப்பவே சொல்லிடணும்."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் வாயில் பொத்திக்கொண்டு தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினாள்.

இசோலின் கண்முன் செயோனின் தேர்வு அறை வந்தது. மூன்று வருடமும் அதே அறை. மார்பில் எண் குத்திக்கொண்டு நடுவில் நிற்க வேண்டும். பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைப்பதற்குள் மணி அடித்துவிடுவார்கள். 'போதும், நன்றி.' இந்த ஜனவரியில் தேர்வாளர்களில் நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்தபடியே கேட்டார். 'போன வருஷமும் வந்தீங்கல்ல? விடாம வர்றீங்களே. நூத்தி அம்பத்தி மூணு சென்டிமீட்டர்... குதிகால் செருப்பு போட்டா எவ்வளவு வருவீங்க?' பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். கேட்டவர் கடைசி வரை தலையை நிமிர்த்தவில்லை.

நம்காங்கில் தேர்வு ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. மூலையில் ஒரு ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. அங்கே மணியே இல்லை. இசோல் பல்லவி முடித்ததும் வழக்கப்படி தானே நிறுத்தினாள். தேர்வாளர்களில், மூக்கு சிவந்து சளி பிடித்திருந்த ஒரு பெண், 'ஏன் நிறுத்திட்டீங்க? பாட்டு முடியலையே' என்றாள். மூன்று வருடத் தேர்வுகளில் சரணத்தை ஒருவர் முன்னால் பாடியது அன்றுதான். முடித்ததும் அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள். 'மூணாவது வரி நடுவுல ஏன் மூச்சு எடுத்தீங்க? எடுக்காம ஒருமுறை பாடுங்க.' பாடினாள். தன் குரலா அது என்று அவளுக்கே இருந்தது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன். எனக்கு அடுத்த எண்காரங்களை எப்ப கூப்பிடுவீங்க?"

"நீங்க வேண்டாம்னு சொன்னா, இந்தப் போனை வெச்ச உடனே."

"அப்ப கூப்பிடுங்க. நான் சேரல."

அம்மாவின் கைகள் வாயிலிருந்து இறங்கின.

"பதிவுக்காகத் தெளிவா சொல்லணுங்க. பேரு, தேர்வு எண், இடத்தை விட்டுக்குடுக்கறேன்னு."

"பியோ இசோல். எண் இருநூத்திப் பதினேழு. விட்டுக்குடுக்கல. வேண்டாங்கறேன்."

"...ரெண்டுக்கும் படிவத்துல ஒரே கட்டம்தாங்க இருக்கு."

"அதுலயே குறிச்சுக்குங்க."

கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். குச்சியை எடுத்தாள். திரும்பக் கீழே வைத்தாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று கத்தினாள் அம்மா. "மூணு வருஷம்! மூணு வருஷம் அந்த வாசல்ல நின்னுட்டு, கதவு திறந்ததும் திரும்பி வர்றவளைப் பத்தி ஊர்ல நான் என்னன்னு சொல்றது?"

"நின்னு நின்னு கால் வலின்னு சொல்லு."

"விளையாடாத. எதுக்குடி?"

"நம்காங்ல என் பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டாங்கம்மா."

"பாட்டுக் கேட்டதுக்கா? நானுந்தான் தினம் குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேக்கறேன். எனக்கு என்ன குடுத்த?"

"நீ தண்ணியை நிறுத்துன்னுதானே கத்துவ."

"தண்ணியை நிறுத்தணும்னா நிறுத்துன்னுதான் சொல்லுவாங்க!" அம்மா தன் கிண்ணத்தையும் அவள் கிண்ணத்தையும் கொண்டுபோய், உணவுக்கடைக்காரர் வந்து எடுத்துப்போக, வாசலில் வைத்தாள். இரண்டிலும் பாதி அப்படியே இருந்தது. "செயோன்னா எல்லாருக்கும் தெரியும். நம்காங்னா எங்கன்னு கேப்பாங்க."

"கேட்டா ஜின்ஜுன்னு சொல்லு."

"என்கூடப் பேசாத. மூணு நாளைக்கு நானும் பேசப் போறதில்ல."

இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பல் மருத்துவமனை ஒன்று, ஒரு தேவாலயம், ஒரு டேக்வாண்டோ பள்ளி என்று பேனர்கள் இறங்கின. இசோல் வளையம் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் மேசை அதிர்ந்தது. மேங் சாரின் பேனரில் வளையம் அடித்து, இரு முனைகளிலும் கட்டையும் கோத்தாயிற்று. முதல் வரி மட்டும் அவளைப் பார்த்தபடியே கிடந்தது.

மூன்று மணிக்கு மேங் சார் கையில் ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு வந்தார்.

"என்ன, கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க சார்."

"பாத்தியா! நான் சொல்லல?" பெட்டியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். "இசோல் அம்மா, இன்னைக்கு நல்லா சாப்பிடுங்க. செயோன்! நம்ம அகாடமில இது ஆறாவது."

"வேண்டாம்னுட்டேன் சார்."

கைகள் மேலேயே நின்றன. "எதை?"

"செயோனை. நான் நம்காங் போறேன். அந்தப் பேரை எடுத்துருங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கணினியைப் பார்த்தாள். அவர் கைகளை இறக்கி, பேனருக்குப் பக்கத்தில் போய் நின்றார். எழுத்துகளைப் படித்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"எதுக்கு எடுக்கணும்? இதுல 'சேர்ந்தாள்'னு எங்கயாவது போட்டிருக்கா? 'தேர்ச்சி'ன்னுதானே போட்டிருக்கு. உன்னைக் கூப்பிட்டாங்க. அப்ப தேர்ச்சி. இதுல ஒரு பொய் காட்டு."

"சரி சார். அப்ப நம்காங்ல தேர்ச்சின்னும் போடுங்க. அதுவும் பொய் இல்லையே."

"ரெண்டு வருஷக் கல்லூரியையா?" அவர் சிரித்தார். "இசோல், பஸ்ல போற அம்மாக்கள் படிக்கறது முதல் வரியைத்தான். அதுல போய் நம்காங்னு போட்டா என் பொழப்பு என்ன ஆகும்? அதுவுமில்லாம, நடு எழுத்துல வட்டம்தானே இருக்கு? நீதான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"புபியோங்ல எத்தனை பியோ-வட்டம்-சோல் இருக்காங்க சார்?"

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல." அவர் சிரிப்பு போய்விட்டது. "உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காத. உன் உயரத்துக்கு செயோன் கூப்பிட்டதே பெரிய விஷயம். அதையும் தூக்கி எறிஞ்சிட்டு வந்து நிக்கற. மூணு வருஷம் சொல்லிக்குடுத்தவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?"

இசோல் குனிந்து, துணி வெட்டும் சூட்டுக் கத்தியின் சுவிட்சைப் போட்டாள். அது சூடாக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் மேங் சார் பேசிக்கொண்டேயிருந்தார். நன்றி என்றார், எதிர்காலம் என்றார், பின்னால் நினைத்து அழுவாய் என்றார். முனை சிவந்தது.

அவள் இரும்பு அளவுகோலைத் தன் பெயருக்கு மேலே வைத்து இழுத்தாள். துணி உருகிப் பிரிந்தது. கருகல் நெடி எழுந்தது.

"ஏய்! ஏய், என்ன பண்ற?"

இடது பக்கம். வலது பக்கம்.

"இசோல் அம்மா! பாத்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கீங்களே!"

கீழ்ப்பக்கம். கடைசி இழுப்பில் கை கொஞ்சம் பிசகியது. துண்டு கழன்று அவள் கையோடு வந்தது. செயோன் பல்கலைக்கழகம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில், தலையணை நீளத்துக்கு ஒரு சன்னல். அதன் வழியே மேசை மரம் தெரிந்தது.

அம்மா எழுந்து வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. ஓட்டையை மட்டும் பார்த்தாள்.

"ஆறு மீட்டர் பேனர் சார்," என்றாள். "ரோட்டுக்குக் குறுக்கே கட்டப்போறீங்க. காத்து போறதுக்கு ஓட்டை வேணும். இல்லைன்னா ஒரே நாள்ல கிழிஞ்சிரும்."

"எனக்குத் தெரியாதா? காத்து ஓட்டைன்னா இத்தனூண்டு, அரை வட்டமா வெட்டுவாங்க!"

"எங்க கடைல சதுரம்."

"பேரு இருந்த இடத்துலயா?"

"எந்த இடத்துல காத்து அதிகம்னு எங்களுக்குத்தான் தெரியும்."

மேங் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற அடிச்சுக் குடுங்க."

"அடிக்கலாம். வரிசைல பன்னெண்டு பேர் இருக்காங்க. அடுத்த வாரம் தர்றேன்."

"எதிர் அகாடமிக்காரன் நாளைக்கே கட்டறான்!"

"அதான் சொல்றேன், இதை எடுத்துட்டுப் போங்க. மத்த பிள்ளைங்க பேரெல்லாம் பத்திரமா இருக்கு."

அவர் பேனரைத் தானே சுருட்டினார். கட்டை இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. யாரும் உதவவில்லை. கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, ஸ்ட்ராபெரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

கதவு மூடியது. அம்மா உருகிய ஓரத்தின் துணுக்குகளை மேசையிலிருந்து துடைத்தாள்.

"கீழ் ஓரம் கோணல்," என்றாள்.

"மூணு நாள் பேச மாட்டேன்னியே."

"உன்கிட்ட யார் பேசினா? வேலையைப் பத்திச் சொல்றேன்."

இசோல் வெட்டிய துண்டை மேசையில் விரித்தாள். பியோ ○சோல். நாலு மூலையிலும் வளையம் அடித்தாள். பிறகு மேசைமேல் கிடந்த மார்க்கரை எடுத்து வட்டத்துக்குள் 'இ' என்று எழுதினாள். பெயருக்குக் கீழே கோணலான ஓரத்தில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. அதில் நெருக்கி நெருக்கி, நம்காங் கலைக் கல்லூரி, இசை நாடகத் துறை என்று எழுதினாள்.

கயிறும் ஏணியும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கடைப் பலகைக்குக் கீழே, பஸ் நிறுத்தத்தைப் பார்த்த பக்கம். முதல் முடிச்சைப் போட்டுவிட்டாள்.

"ஏய்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்த மை ஒரு மழைக்குத் தாங்காது. இறங்கி வா. மேல் இழுப்பறைல பெயின்ட் பேனா இருக்கு."