அய்யம்மாள் கேட்ட கரை

கரிசல் வெளியெங்கும் வேம்புகள் தலைகுனிந்து நிற்க, பட்டாசு செய்வதற்காக ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் வெடிக்கூடங்களின் சுவர்களில் காலை வெயில் காய்ந்து கிடக்கும் தாயில்பட்டியை, நல்லுளம் கொண்ட படிப்பாளரே, மனத்தால் ஒருமுறை பாருங்கள். பேருந்துகள் இறக்கிவிட்ட பெண்டிர், கணவரோ தமையரோ உடுத்துக் கழித்த பழஞ்சட்டையை, எத்துணை துவைத்தும் நீங்காத வெடிமருந்தின் வெள்ளிப்பொடி படிந்தவாறே சேலைமேல் மாட்டிக்கொண்டு, ஒருவர்போல் மற்றவராய்க் கூடம் புகும் வேளை அது. தன் மகள் எவள் என்று பெற்றவளே தடுமாறுவாள்.

அந்தப் பழஞ்சட்டை, அக்கூடமொன்றில் வேலை செய்யும் பானுப்பிரியாவுக்கு அறவே பிடிக்காது. விடுமுறைதோறும் கோயில் தூண்களின் கற்பாவையரைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்னாளில் பெண்டிர் கொசுவம் எங்ஙனம் மடித்தனர், கச்சின் முடிச்சு எங்கே அமர்ந்தது என்றெல்லாம் வரைந்து வந்து, அம்மடிப்புகளைத் தன் உடலுக்கும் தொழிலுக்கும் இசைவித்து, பருத்தியில் தனக்கொரு மேலங்கி தைத்து, கழுத்தோரம் பருத்தி நூலாலேயே கொடி இழைத்தாள். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆதலால் கூடத்தில் பருத்தியன்றி வேறு ஆகாது என்பதை அவ்வூரில் அறியாதார் இல்லை. அடடா, அதை உடுத்து அவள் நடந்த நடை! கண்டவரெல்லாம் வேலையை மறந்து நின்றனர்.

அவள் அத்தை குருவம்மாளின் மகள் அய்யம்மாள், பக்கத்தில் அமர்ந்து வெடிக்கு மருந்தடைப்பவள், அன்றே பிடித்துக்கொண்டாள்.

“ஏ பானு, எனக்கும் ஒண்ணு தச்சுத் தா. நூல்கரை வேணாம், மினுமினுன்னு இருக்கணும்.”

“மினுக்குறது பருத்தியா இருக்காது. கூடத்துக்குள்ள அது ஆகாதுல்ல?”

“வெரலகலக் கரையில என்ன ஆயிரப் போகுது? ஒரு நாளாச்சும் நான் தனியாத் தெரியணும்.”

அச்சொல்லில் பானுப்பிரியா தோற்றாள். அங்கித் துணியில் ஓர் இழையைப் பிரித்தெரித்துப் பருத்தியே என்று தேர்ந்தவள், பொன்னிறக் கரையை மட்டும் எரித்துப் பாராமலே வைத்துத் தைத்தாள். எரித்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். பாழாய்ப்போன அழகு கையைப் பிடித்து இழுத்தது, கையும் அதன் பின்னே போயிற்று.

அய்யம்மாள் அதை உடுத்த முதல் நாளே, நண்பகலுக்கு முன், மருந்தில் தீப்பற்றியது. பானுப்பிரியாவோடு அலறியோடிய மற்றப் பெண்டிர்க்குப் பருத்தி கரிந்து உதிர்ந்து சிறு புண்களே எஞ்ச, அய்யம்மாளின் கரையோ உருகிக் கழுத்தையும் நெஞ்சையும் பற்றிக்கொண்டு விடாது எரிந்தது. மறுநாள் மருத்துவமனையில் அவள் இறந்தாள்.

ஈமச்சடங்கு முடிந்தபின் அத்தையின் காலடியில் போய் விழுந்தாள் பானுப்பிரியா.

“அத்தை, அந்தக் கரை பருத்தி இல்ல. தெரிஞ்சேதான் தச்சேன். என்னைய ஏசுங்க, அடிங்க.”

குருவம்மாள் அவளைத் தோள்பற்றி எழுப்பி அருகில் அமர்த்தினாள்.

“விடியமுன்ன நான் தீப்பெட்டி வேலைக்குப் போயிட்டேன் தாயி. அவ போட்டு நான் பாக்கவே இல்ல. நல்லா இருந்தாளா?”

“நல்லா இருந்தா அத்தை. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாக.”

“கரை என்ன நெறம்?”

ஒரு வசைமொழி கிடைத்திருந்தால் அதைச் சுமந்தேனும் பானுப்பிரியா தேறியிருப்பாள். தாயோ கேட்டுக்கொண்டே இருந்தாள்: கழுத்து எப்படி, மடிப்பு எத்தனை, நடக்கையில் அது எப்படி அசைந்தது என்று. கொன்ற அழகைக் கொன்றவளே, ஒன்றும் ஒளியாமல், மடிப்பு மடிப்பாய் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்டிக்க ஒருவரும் இல்லாத குற்றத்தை, படிப்பாளரே, மன்னிக்கவும் ஒருவரும் இல்லை.