மடிப்புக்கு அடியில் ஒரு வரி

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், நடுவில் படுத்திருக்கும் ஒட்டு மடிப்பை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. பிஸ்கட் கம்பெனி மேலாளருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பாக்கெட் டிசைனரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு திரையில் விரலை வைத்துத் தேய்த்தார்.

"என்னென்ன போட்டிருக்குங்கிற பட்டியலே பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. கடைசி வரியை மடிப்புக்கு அடியில தள்ளு. படம் பெரிசா வரணும்."

"சார், அந்த வரியிலதான் பால் புரதம் இருக்கு."

"வரியை எடுத்துடவா சொல்றேன்? இருக்குல்ல? வேணும்கிறவன் தூக்கிப் பார்த்துக்கட்டும்."

டிசைனரின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. அவருடைய மகள் சின்னுவுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கால்கள்தான் இப்போது மேஜைக்கு அடியில் சும்மா கிடந்தன. மேலாளர் பின்னால் நின்றால் நம்மவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். 'இது நம்ம வீட்டுக்கு வரப்போறதில்ல, நமக்கென்ன' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வரியைத் தள்ளினார்.

வந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரம்மா சின்னுவின் கையில் ஆசையாய்த் திணித்த பாக்கெட் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. மனைவி வழக்கம்போல அதன் பின்பக்கத்துக்கு நேராகச் செல்போனைப் பிடித்தாள். அந்த வீட்டில் சோதனை போடாமல் ஒரு மிட்டாய்கூட உள்ளே நுழைய முடியாது. செல்போன் செயலி பொடி எழுத்தைப் படித்து, வாயில் நுழையாத பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்லும். ஆகாதது இருந்தால் சிவப்பு காட்டும்.

பச்சை காட்டியது.

"பால் இல்லடி சின்னு. சாப்பிடு."

முகம் கழுவிவிட்டு வந்த டிசைனர் பாக்கெட்டைப் பார்த்தார். பெரிய படம். அவர் வைத்த படம். சொன்னால் இனி மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? அதை யோசித்து நின்ற அந்த நொடியில் சின்னு பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

பாய்ந்து தட்டிவிட்டார். பிஸ்கட் தரையில் சிதறியது. பிள்ளை ஓவென்று அழுதது.

"என்னங்க, பைத்தியமா பிடிச்சிருக்கு? பச்சைதானே காட்டுச்சு?"

அவர் மடிப்பை நகத்தால் தூக்கிக் காட்டினார். அவள் மறுபடி செல்போனைப் பிடித்தாள். சிவப்பு.

"இது இங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வச்சேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம பிள்ளைக்குத் தட்டிவிட நீங்க இருந்தீங்க. மத்த பிள்ளைங்களுக்கு யாருங்க இருக்கா?"

டிசைனர் உடனே மேலாளரைப் போனில் அழைத்து, பாக்கெட்டுகளைத் திரும்ப எடுக்கச் சொன்னார். "எல்லாம் அச்சாகிக் கிடக்கு. வாயை மூடிக்கிட்டு இரு. டிசைன்ல இருக்கிறது உன் கையெழுத்து, என்னோடது இல்ல" என்று சொல்லிவிட்டு மேலாளர் போனை வைத்துவிட்டார். எப்படித் திரும்பினாலும் சுவர்தான்.

செயலித் திரையின் அடியில், விடுபட்ட தகவலைச் சேர்க்க ஓர் இடம் இருந்தது; அங்கே போடுவது அந்தச் செயலி வைத்திருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும். டிசைனர் மடிப்பை விரித்துப் படமெடுத்துப் போட்டு, மறைந்திருந்த வரியையும் எழுதினார். பெயர் கேட்டது. போட்டால் வேலை போகும். போடாவிட்டால் எவனோ கிளப்பிவிட்ட புரளி என்று கம்பெனி தள்ளிவிடும். போட்டுவிட்டார்.

"வேலை போயிடுமே" என்றாள் மனைவி.

"போகட்டும். பச்சை காட்டுச்சேன்னு போனைக் குத்தம் சொல்ல முடியாது, நாம காட்டுறதைத்தான் அது படிக்கும். இனிமே மடிப்பைத் தூக்கிட்டுப் பிடி. குத்தம் என்னோடது. நம்ம வீட்டுக்கு வராதுன்னு நினைச்சுத்தான் அந்த வரியைத் தள்ளினேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அங்க ஒரு பிள்ளை இருக்கும்னு அப்பவே நினைச்சிருக்கணும்."