கொட்டாவிக்குத் தூக்கிய கை

என் வீட்டுக்காரர் சிவநேசனுக்குக் கொட்டாவி வந்தது. ஐந்து மாதமாக மடியில் செயலற்றுக் கிடந்த அவருடைய இடது கை, முழங்கை மடங்கி, மெல்ல நெஞ்சுவரை எழும்பியது. வாயை மூடியதும் தொப்பென்று விழுந்தது. சமையலறை வாசலில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். இந்த மனுஷன் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். வீட்டில் ஒரு டம்ளர் கழுவியதில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, இடுப்பொடிந்து கிடக்கிறேன் நான். சொகுசு கண்டுவிட்டார், நம்மை நன்றாக ஏய்க்கிறார் என்றே முடிவுகட்டினேன்.

மறுநாள் காலை பிசியோ பயிற்சிக்குக் கிளம்பும்போது சட்டையை அவர் மடியில் போட்டேன்.

"நீங்களே போட்டுக்குங்க. கையத் தூக்கத் தெரியுதுல்ல."

"தெரியலையே, உஷா."

"நடிக்காதீங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து வந்தால், வலது கை மட்டும் நுழைந்திருக்க, மிச்சச் சட்டை முதுகில் தொங்க, முகமெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. அப்போதும் மனசு இளகவில்லையே, பாவி எனக்கு.

பிசியோ பார்க்கும் ஃபர்ஹானா செமினியிலிருந்து வருகிற பெண். பேச்சில் தேன் தடவத் தெரியாது. அவளிடம் கோள்மூட்டுவதுபோலக் கொட்டாவிக் கதையைச் சொன்னேன்.

"அங்கிள் ஏமாத்தலை, ஆன்டி," என்றாள். "கையத் தூக்கணும்னு நெனச்சா, அந்த உத்தரவு மூளைலேர்ந்து ஒரு ரோட்டுல எறங்கி முதுகுத்தண்டுக்குப் போகணும். ஸ்ட்ரோக்ல அந்த ரோடு ஒடஞ்சு போச்சு. கொட்டாவி கீழ மூளைத்தண்டுலேர்ந்து வருது. அதுக்குத் தனி ரோடு. அதுல அங்கிள் நெனச்சாலும் போக முடியாது லா."

சிவநேசன் தலையாட்டினார். "ஹைவேய மூடிட்டான். கம்பத்து மண்ரோட்டுல என் லோரிய விடமாட்டேங்குறான்."

ஃபர்ஹானா சிரித்துவிட்டாள். கை திரும்ப வருமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது, ஆன்டி. பழகிட்டே இருக்கணும்." நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் சோபாவில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் கேட்டுப் பழக்கமில்லை. அந்தக் கை என்னை ஒரு தடவை தொட்டால் போதும் என்றிருந்தது. கொட்டாவி ஒட்டுவாரொட்டி ஆயிற்றே. அவரைப் பார்த்து வாயைப் பிளந்து ஒரு பொய்க் கொட்டாவி விட்டேன். முறைத்தார். இன்னொன்று விட்டேன்.

"என்னடி பண்றே?"

"சும்மா இருங்க."

ஐந்தாவதோ ஆறாவதோ, எனக்கே நிஜமாக வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. அவர் தாடையும் மெல்ல விரிந்தது. கை எழும்பத் தொடங்கியது. நான் சட்டென்று குனிந்து என் தலையை அதன் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அது விழட்டும் என்று காத்திருந்தேன்.