திருப்பக் கூடாத தொட்டி

உலகில் என்றும் நிறம் மாறாதவை இரண்டு: சத்தியம், சைப்ரஸ். இதைச் சொன்னவர் ஞானி அல்ல. தோட்ட மன்றத் தலைவரான அத்தான். பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்.

அவருடைய சைப்ரஸ் மரம் வாசல் சுவரை ஒட்டி, பெரிய தொட்டியில், கூர்சீவிய பென்சில்போல நின்றது. தண்ணீர் ஊற்றுவது, தூசி தட்டுவது, அதனிடம் பேசுவது எல்லாம் அவரே. அக்கா வீடென்று மாடியறையில் ஒண்டியிருந்த தம்பிக்கு ஒரே சட்டம்தான்: "தொட்டியைத் திருப்பக் கூடாது. மரத்துக்குத் திசை தெரியும். அதுக்கு ஏதாவது ஆச்சு, நீ மூட்டையக் கட்டிக்க." புதிதாக வேலையில் சேர்ந்திருந்த அவனிடம் கட்டுவதற்கு மூட்டை இருந்தது, போவதற்கு இடம்தான் இல்லை.

அன்று மன்றத்தார் மரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அத்தான் அவர்களை அழைத்துவரக் காரில் போயிருந்தார்.

"ஒரு பக்கம் துருத்திட்டு நிக்குதுடா, கொஞ்சம் வெட்டி விடேன்," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் அக்கா. அதே மூச்சில், "இந்த வீட்ல ஸ்க்ரப்பர் வாங்கி மாளல, எலிதான் திங்குதோ என்னவோ," என்றும் புலம்பினாள்.

தம்பி கத்தரியை எடுத்தான். வலப்பக்கம் ஒரு வெட்டு. இப்போது இடப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது, அங்கே ஒன்று. சரிசெய்யச் செய்யக் கோணல் வளர்ந்தது. கை நின்றபோது மரத்தின் வயிற்றில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இலையில்லாத பழுப்புக் கிளைகள். பழுப்பு தெரியும்வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது என்று அத்தான் சாப்பாட்டு மேசையில் பலமுறை பாடம் எடுத்திருந்தார்.

"அக்கா, ஓடி வாயேன்!"

வந்தவள் தலையில் கை வைத்தாள். "அடப்பாவி! முடி வெட்டச் சொன்னா தலையவே வாங்கிட்டியே!"

"அத்தான் கேட்டா?"

"கேக்கவா போறாரு? உன்னையே உரமாப் போட்டுடுவாரு."

தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது.

"திருப்பிடலாம்க்கா. ஓட்ட சுவர்ப்பக்கம் போயிடும்."

"மரத்துக்குத் திசை தெரியுமேடா!"

"எனக்குப் போற திசை தெரியலியே! பிடிக்கா!"

இருவரும் தொட்டியைக் கட்டிக்கொண்டு, தரை கிறீச்சிட நகர்த்தினார்கள். கால் சுற்று. அரைச் சுற்று. கேட் திறந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மரத்தின் முதுகிலும் ஓட்டை. தம்பி வெட்டியதைவிடப் பெரியது, பழையது. அதில் ஏதோ பச்சையாகச் செருகியிருந்தது. அவள் ஒன்றை உருவினாள்.

அத்தான் நாலு பேரோடு உள்ளே வந்தார். "பாத்துக்குங்க, இதுதான் ஒழுக்கம். முன்னாடி எப்படியோ, பின்னாடியும்..." குரல் பாதியில் இறங்கியது. மரத்தைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். தம்பியின் பக்கம் திரும்பியபோது அவர் காது சிவந்திருந்தது.

"மாடியறை காத்தோட்டமா இருக்காப்பா?"

"இருக்கு அத்தான்."

"இரு, இரு. எத்தன நாள் வேணும்னாலும் இரு."

மன்றச் செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "அம்மா கையில என்ன சார், புது உரமா?"

பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர். மரத்துக்குள் இன்னும் மூன்று இருந்தன.